திரேசிய வெள்ளிக் கிண்ணத்தை நம் பட்டறையில் தட்டி எடுப்பது எப்படி

திருப்பாதிரிப்புலியூரில் பாடலீஸ்வரர் கோயிலிலிருந்து நடந்து வரும் தூரத்தில் எங்கள் பட்டறை இருக்கிறது. தாத்தா காலத்திலிருந்து வெள்ளி வேலைதான். சுவாமிக்குக் கவசம், பாதம், பிரபை; கல்யாணச் சீருக்குச் சந்தனக் கிண்ணம், குங்குமச் சிமிழ், பன்னீர்ச் செம்பு. இப்போது கிண்ணங்கள் பெரும்பாலும் அச்சில் அழுத்தி வருகின்றன. தகட்டிலிருந்து கையால் தட்டி எடுக்கச் சொல்பவர்கள் வருடத்துக்கு நாலு பேர் வந்தால் அதிகம்.

பாரீசில் இருக்கும் என் அண்ணன் மகன் ஒரு விடுமுறைக்குப் பல்கேரியா போனான். அங்கே வ்ராட்சா என்ற ஊரின் அருங்காட்சியகத்தில் நின்றுகொண்டு எனக்குப் படம் படமாக அனுப்பினான். "சித்தப்பா, இதைப் பாருங்கள், நம் வேலை மாதிரியே இருக்கிறது" என்று உடனே போனும் செய்தான். கையில் இருந்த சுத்தியலைக் கீழே வைத்தவன், அன்று மாலை வரை அதைத் திரும்ப எடுக்கவில்லை.

அவை ரோகோசென் என்ற கிராமத்தில் கிடைத்தவை. 1985இல் ஒருவர் தன் வீட்டுத் தோட்டத்தில் வாய்க்கால் போல ஒரு பள்ளம் வெட்டும்போது வெள்ளிப் பாத்திரங்கள் மண்வெட்டியில் தட்டின. 65 உருப்படிகள். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அருங்காட்சியகத்தார் வந்து தோண்டியபோது சற்றுத் தள்ளி இன்னொரு குழியில் 100 கிடைத்தன. ஆக 165. அத்தனையும் வெள்ளி, 31 உருப்படிகளில் பொன் பூச்சு. மொத்த எடை சுமார் 20 கிலோ. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 4ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை செய்யப்பட்டு, அன்று அந்தப் பகுதியில் வாழ்ந்த திரேசிய இனத்தார் கையில் இருந்து, ஏதோ ஓர் ஆபத்துக் காலத்தில் மண்ணுக்குள் போனவை. எண்ணிப் பார்த்ததில் அவற்றில் 108 கைப்பிடி இல்லாத தட்டைக் கிண்ணங்கள். 108 சங்காபிஷேகத்துக்குச் சங்குப்பட்டம் தட்டிக் கொடுத்தவன் நான். அந்த எண்ணைக் கேட்டதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மீதி 57இல் ஒருசில கோப்பைகள் போக, எல்லாம் கைப்பிடி வைத்த சிறு கூஜாக்கள்.

கூஜா ஒன்றில், சிங்கத்தின் மேல் அமர்ந்து வில்லும் அம்பும் ஏந்திய பெண் தெய்வம் இருக்கிறது. துர்க்கைக்குக் கவசம் தட்டிய கைக்கு அவள் அந்நியமாகத் தெரியவில்லை. ஆனால் முதல் முறை செய்பவர் கூஜா பக்கமே போக வேண்டாம். கழுத்தைச் சுருக்குவதும் கைப்பிடியைப் பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பதும் தனிப் படிப்பு. கிண்ணத்தில் தொடங்குங்கள். அதற்குப் பற்றவைப்பே தேவையில்லை. ஒரே தகடு, ஒரே உடம்பு.

கிரேக்கர்கள் இந்தக் கிண்ணத்தை ஃபியாலே என்றார்கள். இதில் திராட்சை மதுவை ஊற்றிக் குடிப்பார்கள். குடிப்பதற்கு முன் தெய்வத்துக்கென்று கொஞ்சம் தரையில் சாய்ப்பார்கள். அடிப்பாகத்தில், வெளியிலிருந்து உள்நோக்கித் தள்ளிய ஒரு குமிழ் இருக்கும். கிண்ணத்துக்குள் பார்த்தால் மேடு, அடியில் தடவினால் குழி. அவர்கள் வைத்த பெயருக்கும் தொப்புள் என்றுதான் பொருள். நடுவிரலும் மோதிர விரலும் அடியிலுள்ள அந்தக் குழிக்குள் போகும், கட்டைவிரல் விளிம்பில் நிற்கும். கைப்பிடி இல்லாமலே ஒரு கையில் அசையாமல் உட்காரும். இது விளங்கிய பிறகுதான் அந்தக் கிண்ணத்தின் அளவுகள் எல்லாம் எனக்கு விளங்கின.

தகட்டுக் கணக்கை முதலில் போட்டுவிடுவோம். 20 கிலோவை 165ஆல் வகுத்தால் உருப்படிக்குச் சராசரி 120 கிராம், பழைய கணக்கில் பத்துத் தோலாவுக்குச் சற்று மேல். 15 செண்டிமீட்டர் விட்டத்தில் 22 கேஜ், அதாவது சுமார் 0.7 மில்லிமீட்டர் கனமுள்ள வெள்ளித் தகட்டை வட்டமாக வெட்டினால் ஏறக்குறைய 130 கிராம் வரும். விளிம்பை அரத்தால் சீர் செய்ததும் கொஞ்சம் குறையும். ஆகவே அந்த ஆசாரிகள் கையாண்ட கனமும் நாம் கையாளும் கனமும் கிட்டத்தட்ட ஒன்றே. வெள்ளி விற்கும் விலையில் முதல் கிண்ணத்தை வெள்ளியில் செய்யாதீர்கள். இதே அளவில் செம்புத் தகடு வாங்கி இரண்டு கிண்ணம் தட்டிப் பழகிவிட்டு அப்புறம் வெள்ளிக்கு வாருங்கள். செம்பு சற்று முரண்டு பிடிக்கும். அதில் படிந்த கை வெள்ளியில் எளிதாக ஓடும்.

கவராயத்தை நடுவில் ஊன்றி வட்டம் போட்டு, கத்திரியால் வெட்டி, விளிம்பைக் கையில் கீறாதபடி அரத்தால் தேயுங்கள். பிறகு அதே நடுப்புள்ளியிலிருந்து நாலு செண்டிமீட்டர் விட்டத்தில் இன்னொரு சிறு வட்டத்தைப் பென்சிலால் போடுங்கள். இந்தச் சிறு வட்டம் தொப்புளின் சொத்து. கிண்ணம் குழியும் வரை அதன் மேல் ஓர் அடிகூட விழக்கூடாது. தட்டத் தட்டத் தகடு விரிந்து மெலியும். நடுவை முதலிலேயே மெலிய விட்டால், பின்னால் தொப்புளுக்கு இழுக்க அங்கே வெள்ளி இருக்காது.

குழிப்பதற்கு ஒரு கட்டை வேண்டும். என்னிடம் இருப்பது புளியங்கட்டை. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்தபோது எங்கள் ஊர்ப் பக்கம் விழாத மரம் குறைவு. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. எங்கள் தெருமுனைப் புளியமரமும் விழுந்தது. அதன் அடிமரத்தில் ஒரு துண்டை அறுத்து வாங்கி, இரண்டு வருடம் நிழலில் காயவைத்து, மேலே பன்னிரண்டு செண்டிமீட்டர் அகலத்துக்கும் மூன்று செண்டிமீட்டர் ஆழத்துக்கும் குழி செதுக்கிக்கொண்டேன். வேம்பும் ஆகும். பச்சைக் கட்டை மட்டும் ஆகாது, வெடிக்கும்.

தட்டுவதற்கு முன் தகட்டைச் சுட வேண்டும். கடையிலிருந்து வரும் தகடு உருளையில் நசுங்கி இறுகிப்போய் இருக்கும். சன்னலைச் சாத்தி அறையை இருட்டாக்கிக்கொள்ளுங்கள். வெயில் வெளிச்சத்தில் வெள்ளியின் நிறம் கண்ணை ஏமாற்றும். கேஸ் டார்ச்சின் சுடரை ஓரிடத்தில் நிறுத்தாமல் வட்டமாக ஓட்டுங்கள். அணையப்போகும் தணலின் மங்கிய சிவப்பு தகடு முழுக்கப் பரவியதும் நெருப்பை எடுத்துவிடுங்கள். அது 600, 650 டிகிரி. வெள்ளி உருகுவது 961 டிகிரியில். இடையில் உள்ள தூரம் பார்க்கப் பெரிதாக இருக்கும், டார்ச் முனையில் சில நொடிகள்தான். மேற்பரப்பு வெல்லப்பாகு போல மினுங்க ஆரம்பித்தால் கைமீறிவிட்டது என்று பொருள். சிவப்பு மறைந்ததும் தண்ணீரில் போட்டு, சீனாக்காரம் கரைத்த நீரில் கொதிக்கவைத்துக் கருப்பை எடுங்கள். செம்புக்குப் புளித்தண்ணீரே போதும்.

இனி கொட்டாப்புளி, அதாவது மரச் சுத்தியல். தகட்டைக் கட்டைக் குழியின் மேல் சாய்த்துப் பிடித்து, விளிம்பிலிருந்து ஒரு செண்டிமீட்டர் உள்ளே முதல் சுற்றைத் தொடங்குங்கள். ஓர் அடி, தகட்டைச் சற்றுத் திருப்பு, அடுத்த அடி. சுத்தியல் அதே இடத்தில் விழ வேண்டும், நகர்வது தகடுதான். ஒரு சுற்று முடிந்ததும் ஒரு செண்டிமீட்டர் உள்ளே அடுத்த சுற்று. இப்படியே நாலு செண்டிமீட்டர் வட்டம் வரை போய் நின்றுவிடுங்கள். விளிம்பு பாவாடைக் கொசுவம் மாதிரி மடங்கும். மடிப்பு தெரிந்தவுடன் அதை மரத்தின் மேல் வைத்து நீவித் தட்டிவிட வேண்டும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மடிப்பு தன் மேலேயே படிந்து, அந்த இடத்தில்தான் கிண்ணம் பின்னால் கீறும்.

எப்போது மறுபடி சுடுவது? காதைக் கேளுங்கள். சுட்ட தகடு ஈரச் சாக்கைத் தட்டுவது போலத் தப் தப் என்று பேசும். அடி வாங்க வாங்க இறுகி, ஒலி மேலே ஏறும். ணங் என்று ஒரு மெல்லிய மணியோசை வந்துவிட்டால் நிறுத்துங்கள். இனிமேல் அது வளையாது, வெடிக்கத்தான் பார்க்கும். என் அப்பா முதுகைக் காட்டி உட்கார்ந்து வேறு வேலை பார்த்துக்கொண்டே "சுடு" என்பார். அவர் திரும்பிப் பார்த்ததே இல்லை. அந்த ஒலியைப் பிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. உங்களுக்கு அது பிடிபடும் வரை இரண்டு சுற்றுக்கு ஒருமுறை சுடுங்கள், நட்டமில்லை. மூன்று செண்டிமீட்டர் ஆழம் வருவதற்கு ஐந்தாறு முறை சுட வேண்டியிருக்கும். ஆழம் வந்ததும் தலை உருண்ட இரும்பு முளையின் மேல் கிண்ணத்தைக் கவிழ்த்து, பளபளப்பாகத் தேய்த்த சுத்தியலால் மேடுபள்ளங்களை மென்மையாக நிரவுங்கள். விட்டம் பதினாலு செண்டிமீட்டருக்கு வந்து நிற்கும்.

அடுத்தது, உளி அடிக்கும்போது தகட்டைத் தாங்கும் அரக்கு. குங்கிலியம் ஒரு பங்கு, மெல்லிய துணியில் சலித்த செங்கல்தூள் ஒரு பங்கு, கடலை எண்ணெய் கொஞ்சம். எண்ணெய்க்கு அளவு சொல்ல முடியாது, பருவம்தான் அளவு. அக்னி நட்சத்திரத்தில் எண்ணெயைக் குறைக்காவிட்டால் அரக்கு குழைந்து வேலையைத் தாங்காது. மார்கழியில் சற்றுக் கூட்டாவிட்டால் கல்லாகி உதிரும். ஆறிய அரக்கை நகத்தால் அழுத்தினால் மெதுவாகத் தழும்பு விழ வேண்டும். உருக்கும்போது அவசரமே கூடாது. பதினாலு வயதில் கொதிக்கும் அரக்கு தெறித்த வடு என் இடது மணிக்கட்டில் இப்போதும் இருக்கிறது. கிண்ணத்தில் ஒரு துளி ஈரம் இருந்தாலும் அரக்கு சீறும். துடைத்து, சூடு காட்டிவிட்டு ஊற்றுங்கள்.

கிண்ணத்தின் வாய் வரை அரக்கை நிரப்பி, ஆறியதும் கவிழ்த்து மணல் மூட்டையின் மேல் வையுங்கள். இப்போது வெளிப்புற அடி உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். நாலு செண்டிமீட்டர் வட்டத்துக்குள் மூன்று செண்டிமீட்டரில் இன்னொரு வட்டம் போடுங்கள். முனை உருண்ட உளியால் அந்தக் கோட்டை முதலில் லேசாகப் பதியவைத்து, அங்கிருந்து சுற்றிச் சுற்றி நடுப்புள்ளியை நோக்கி இறக்குங்கள். பாதி ஆழம் போனதும் சூடு காட்டி அரக்கை எடுத்து, ஒட்டியிருப்பதை மண்ணெண்ணெயில் துடைத்து, நன்றாகக் காயவைத்து, ஒருமுறை சுட்டுவிட்டு மறுபடி அரக்கு நிரப்புங்கள். இந்த இடைச் சூட்டை என் மூன்றாவது கிண்ணத்தில் நான் விட்டுவிட்டேன். அன்று மாலைக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம். தொப்புள் அழகாகத்தான் வந்தது. விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தபோது உச்சியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெளிச்சம். அவ்வளவுதான், உருக்கும் மூசைக்குப் போய்விட்டது.

ஆழம் ஒரு செண்டிமீட்டர் போதும். அளவுகோலை விட விரலை நம்புங்கள். நடுவிரலும் மோதிர விரலும் முதல் கணு வரை குழிக்குள் சிரமமில்லாமல் போகிறதா, கட்டைவிரல் விளிம்பை எட்டுகிறதா என்று பாருங்கள். உங்கள் கை சிறிதென்றால் அடுத்த கிண்ணத்துக்குத் தகட்டையே பதினாலாகக் குறைத்துக்கொள்ளுங்கள். குழியைச் சுற்றியுள்ள வளையம்தான் கிண்ணத்தின் பாதம். அதைத் தட்டையான பட்டடையில் வைத்து ஆடாமல் உட்காரும்படி சீர் செய்துவிடுங்கள்.

ரோகோசென் கிண்ணங்களில் பல வெறுமையாக இல்லை. தொப்புளைச் சுற்றிப் பாதாம்பருப்பு வடிவில் புடைப்புகள், அவற்றுக்கு இடையில் தாமரை மொட்டு, சிலவற்றில் ஆட்களின் உருவம். ஒன்றின் நடுவில் கிரேக்கப் புராண வீரன் ஹெராக்கிளிசும் ஔகே என்ற பெண்ணும் இருக்கிறார்கள். பொன் பூச்சும் உண்டு. முதல் கிண்ணத்துக்குப் பாதாம்பருப்பு மட்டும் போதும். கவராயத்தை வட்டத்தின் ஆரத்துக்குத் திறந்து சுற்றி வைத்தால் சரியாக ஆறு புள்ளிகள் விழும். நடுவில் பாதியாக்கினால் பன்னிரண்டு. இந்த முறை கிண்ணம் நிமிர்ந்து அரக்கின் மேல் உட்கார வேண்டும், ஏனென்றால் புடைப்பு வெளிநோக்கி வருகிறது. அடி உள்ளிருந்து விழுகிறது. எல்லாப் புடைப்பையும் கால் ஆழம், பிறகு எல்லாவற்றையும் அரை ஆழம் என்று சேர்ந்தே கொண்டுபோங்கள். ஒன்றை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போனால் கிண்ணம் கோணிக்கொள்ளும். பிறகு அரக்கை உள்ளே நிரப்பிக் கவிழ்த்து, மெல்லிய உளியால் ஒவ்வொரு புடைப்பின் ஓரத்தையும் வெளியிலிருந்து கீறிக் காட்டினால் உருவம் எழுந்து நிற்கும்.

பொன் பூச்சுக்கு ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. பாதரசத்தில் பொன்னைக் கரைத்துப் பூசி, நெருப்பில் பாதரசத்தை ஓட்டும் பழைய முறையை வீட்டில் செய்யவே செய்யாதீர்கள். என் பெரியப்பா அதில் கெட்டிக்காரர். கடைசிக் காலத்தில் காபி டம்ளரைப் பிடிக்க முடியாமல் அவர் கை நடுங்கியதைப் பார்த்தவன் நான். முலாம் போடுபவரிடம் கொடுத்துவிடுங்கள். மெருகுக்குப் பூந்திக்கொட்டை நுரையும் பித்தளை பிரஷும் போதும். கீறல் இருந்தால் மட்டும் அதற்கு முன் நைசான உப்புத்தாள். நம் ஊர்க் கடல்காற்றில் வெள்ளி சீக்கிரம் மங்கும். பருத்தித் துணியில் சுற்றி, மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.

மெருகு போடுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்றைக் கடைசியாக வைத்திருக்கிறேன், ஏனென்றால் எனக்கு அதுதான் முக்கியம்.

அந்தப் பாத்திரங்களில் சிலவற்றில் கிரேக்க எழுத்தில் பெயர்கள் இருக்கின்றன, புள்ளி புள்ளியாகக் குத்தியவை. நம் வீட்டு எவர்சில்வர் குடத்தில் பாட்டி பெயர் இருக்குமே, அதே மாதிரி. பெரும்பாலும் கோட்டிஸ் என்ற திரேசிய அரசனின் பெயர், கி.மு. 383 முதல் 360 வரை ஆண்டவன். கூடவே ஊர்ப்பெயரும் வரும். பேயோஸ் ஊரிலிருந்து கோட்டிசுக்கு உரியது, அப்ரோஸ் ஊரிலிருந்து கோட்டிசுக்கு உரியது என்பது போல. ஒரு கிண்ணத்தில் இன்னும் இரண்டு சொற்கள் கூடுதலாக இருக்கின்றன: டிஸ்லோயஸ் செய்தான். அண்ணன் மகன் இதைப் படித்துச் சொன்னபோது, இன்னொரு முறை சொல் என்று கேட்டேன். அரசன் பெயருக்குப் பக்கத்தில் ஆசாரியின் பெயர்.

என் அப்பா முப்பது வருடம் கவசம் தட்டினார். எல்லாக் கவசத்திலும் உபயம் என்று போட்டுக் கொடுத்தவர் பெயர், அவர் தகப்பனார் பெயர், கடையின் பெயர் வரை வெட்டியிருக்கிறார், தன் கையாலேயே. அவர் பெயர் எதிலும் இல்லை. போடலாமா என்று ஒருமுறை ஒரு கோயிலில் கேட்டதற்கு, சுவாமி மேல் கூலிக்காரன் பெயர் எதற்கு என்று பதில் வந்தது. அவர் போன பிறகு ஒரு பழைய கவசம் ஒடுக்கு எடுக்க என் பட்டறைக்கு வந்தது. அரக்கை நீக்கிப் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். உளித்தழும்புகள் எல்லாம் வலமிருந்து இடமாகச் சாய்ந்திருந்தன. அப்பா இடதுகைக்காரர். அதைத் தெரிந்துகொள்ள நான் அவர் மகனாக இருக்க வேண்டியிருந்தது. வேறு எவருக்கும் அது ஒன்றும் சொல்லாது.

ஆகவே பெயரைக் குத்துங்கள். கிண்ணத்தில் அரக்கு இருக்கும்போதே, விளிம்புக்கு அரை செண்டிமீட்டர் கீழே வெளிப்பக்கத்தில் மெழுகுப் பென்சிலால் இரண்டு கோடு போட்டு, நடுவில் எழுதிக்கொள்ளுங்கள். கூரான குத்துளியை நிமிர்த்திப் பிடித்து ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி. சுத்தியலைத் தூக்க வேண்டாம், அதன் எடையே விழட்டும். கிரேக்க எழுத்தில் இல்லாத ஒரு சிக்கல் நமக்கு உண்டு. எழுத்தே புள்ளியால் ஆனது என்றால் மெய்யெழுத்தின் புள்ளியை எப்படிக் காட்டுவது? நான் அதற்குத் தனியாக ஒரு குத்துளி செய்துகொண்டேன். பழைய ஊசி முனையைத் தேய்த்து, நடுவில் குழித்து, பதித்தால் சிறு வளையம் விழும்படி. புள்ளி வர வேண்டிய இடத்தில் அந்த வளையத்தை வைத்தால் எழுத்து மயங்காது.

உருப்படி யாருக்கு, எந்த ஊர், யார் செய்தது, மூன்றும் இருக்கட்டும். இடம் போதாதே என்று ஊரைச் சுருக்க வேண்டாம். பதினாலு செண்டிமீட்டர் கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி அளந்தால் 44 செண்டிமீட்டர். எழுத்துக்கு எட்டு மில்லிமீட்டர் கொடுத்தாலும் திருப்பாதிரிப்புலியூர் ஒன்பது செண்டிமீட்டரில் முடிந்துவிடுகிறது.